சங்குமணல் கை தூக்கிய முப்பத்தொரு நாட்கள்

2011ஆம் ஆண்டு ஜனவரி 26, காலை பதினொன்று பத்துக்கு, சங்குமணல் ஊராட்சியின் வலைக்கூடத்தில் கூடியிருந்த எழுபத்து மூன்று பேரில் எழுபத்திரண்டு பேர் வலது கையைத் தூக்கினார்கள், தூக்காதவர் கித்தேரியம்மாள். தீர்மானம் அவருடையதுதான். ஏற்கெனவே பதின்மூன்று கிராம சபைகளில் அதே தீர்மானத்துக்குக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டதால், பதினான்காவது முறை அந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, மனுவை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

கடற்கரையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் எட்டடிப் பொதுப்பாதையை மறித்து நிற்கும் சுவரை அகற்ற வேண்டும் என்பதுதான் தீர்மானம். சுவர் ஐஸ் கம்பெனி முதலாளி கஸ்பாருடையது. 2007இல் கம்பெனியைப் பெரிதாக்கியபோது பாதையையும் சேர்த்து வளைத்து, ஏழடி உயரத்துக்குக் கட்டினார். அதற்கு முன்பு மீன்காரப் பெண்கள் ஆறு மணிக்குக் கரையேறும் வள்ளங்களில் மீனை ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, நாலு நிமிடத்தில் சாலைக்கு வந்து, ஆறு நாற்பது பேருந்தைப் பிடித்து டவுன் சந்தைக்குப் போனார்கள். சுவர் வந்த பிறகு உடைமரக் காட்டைச் சுற்றிக்கொண்டு வர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் பேருந்து போய்விடும், அடுத்தது ஒன்பதே காலுக்குத்தான் வரும், அது வருவதற்குள் மீனின் கண் வெளுத்துவிடும். ஆகவே பதினெட்டுப் பெண்கள் சுவரோரம் நின்ற கஸ்பாரின் ஆளிடமே, அவர் சொன்ன விலைக்கு மீனைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பத்தொன்பதாவது ஆளான கித்தேரியம்மாள் மட்டும், ஏலம் முடியும் முன்பே கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி, வாரத்தில் இரண்டு நாளாவது அந்தப் பேருந்தைப் பிடித்து, சந்தையில் தன் இடத்தைக் காத்துவந்தார். ஏறுவதற்கு ஆளில்லாத அந்தப் பேருந்து மார்ச் ஒன்று முதல் வராது என்று பொங்கலுக்கு மறுநாள் நிறுத்தத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பேருந்து நின்றால் சந்தை இடம் போய்விடும்; இடம் போனால் நாற்பத்தொன்பது வயதில் அவர் கஸ்பாரின் கொட்டகையில் கூலிக்கு இறால் தலை கிள்ள உட்கார வேண்டியதுதான்.

இந்தத் தீர்மானத்தைச் சங்குமணலில் யாரும் எதிர்த்ததே இல்லை. எதிர்த்தால் கித்தேரியம்மாள் பேசுவார், பேசினால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். ஆகவே ஊராட்சித் தலைவர் தனிஸ்லாஸ் அதைக் கடைசியில் வைத்து, செயலர் வாசித்து முடிப்பதற்குள்ளேயே கையைத் தூக்குவார், அவரைப் பார்த்து எல்லாரும் தூக்குவார்கள், கஸ்பாரும் தூக்குவார். கஸ்பார் தலைவருக்கு அக்கா புருஷன். தன் சுவரை இடிக்கச் சொல்லித் தானே பதின்மூன்று முறை கை தூக்கியிருந்தார். அதனால் சுவரில் ஒரு கீறலும் விழவில்லை, சபையில் அவருக்குப் பெருந்தன்மைக்காரர் என்ற பெயரும் இருந்தது.

இடது கைக்காரரான செயலர் பாக்கியநாதன் "ஏகமனதாக" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடப் பார்த்தார். மூடியைப் பிடிக்க வேண்டிய வலது கை தலைக்கு மேலேயே நின்றது.

"கையை இறக்குங்கப்பா, டீ வந்துட்டு" என்றார் தலைவர்.

"நீங்க மொதல்ல இறக்குங்க தலைவரே" என்றது பின்வரிசை.

"நான் இறக்கிக்கிட்டுதான இருக்கேன்."

"எங்க இறக்குறீரு? கொடிக்கம்பம் மாதிரில்லா நிக்கி!"

அப்போதுதான் எல்லாரும் தங்கள் கைகளை அண்ணாந்து பார்த்தார்கள். வலி இல்லை, மரப்பு இல்லை, விரல்கள் நன்றாக அசைந்தன. கைகள் இறங்க மட்டும் மறுத்தன. புயலையும் பேரலையையும் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் யாரும் அலறவில்லை. இடது கையில் டீயை வாங்கிக் குடித்தார்கள், சர்க்கரை குறைவு என்று சண்டை போட்டார்கள், கைகளை உயர்த்தியபடியே வீட்டுக்குப் போனார்கள்.

கூடத்தில் உயர்ந்த கைகள் எழுபத்திரண்டுதான் என்றாலும், ஊர்க் கணக்கில் அவை நூற்று முப்பது. சட்டப்படி சங்குமணல் கிராம சபைக்கு நூறு பேராவது வர வேண்டும்; எந்தக் காலத்திலும் வந்ததில்லை. எனவே பாக்கியநாதன் ஒவ்வொரு சபைக்கும் முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து, மூன்று நிறப் பேனாக்களை மாற்றி மாற்றி, வருகைப் பதிவேட்டில் ஐம்பது அறுபது பேருக்குக் கையெழுத்துப் போட்டு வைப்பது வழக்கம். இந்த முறை ஐம்பத்தெட்டுப் பேர். அந்த ஐம்பத்தெட்டுப் பேரின் கைகளும், அவரவர் எங்கே இருந்தார்களோ அங்கேயே, அதே பதினொன்று பத்துக்கு உயர்ந்தன.

கடலில் ஒருவன் கை தூக்கினால், ஆபத்து, ஓடி வா என்று அர்த்தம். அன்று பகல் தொழிலுக்குப் போயிருந்த ஒன்பது வள்ளங்களிலும் ஒவ்வொரு கை உயர்ந்ததும், ஒவ்வொரு வள்ளமும் மற்ற எட்டையும் காப்பாற்ற வலையை அறுத்துவிட்டுப் பாய்ந்தது. ஒன்பதும் ஒரே இடத்தில் வந்து மோதாத குறையாக நின்றன.

"என்னவே, என்னாச்சு?"

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். உமக்கு என்னாச்சு?"

"எனக்கும் ஒண்ணுமில்ல. கைதான்."

"பொறவு எதுக்குவே கூப்பிட்டீரு?"

"நீரு கூப்பிட்டீருன்னு வந்தேன்."

மஸ்கட்டில் கட்டட வேலை பார்த்த ஆறு சங்குமணல்காரர்களின் மேற்பார்வையாளர், அவர்கள் ஏதோ சந்தேகம் கேட்கப்போகிறார்கள் என்று வெகு நேரம் மரியாதையாகக் காத்திருந்தார். மூன்று கைகள் கல்லறைத் தோட்டத்தில், மணலைத் துளைத்துக்கொண்டு முழங்கை வரை எழும்பியிருந்தன. பாக்கியநாதன் பெயர்ப்பட்டியலைப் புதுப்பித்து நாளாகியிருந்தது. பங்குத்தந்தை வந்து பார்த்து, சிலுவை வரைந்து ஜெபித்து, சுற்றிலும் பூந்தொட்டிகள் வைக்கச் சொன்னார். தூரத்திலிருந்து பார்த்தால் கள்ளிச்செடி மாதிரி இருக்கும் என்றார். இருந்தது.

ஒரு வாரத்தில் ஊர் பழகிக்கொண்டது. தையற்காரர் சட்டைகளின் வலது தோளைப் பிரித்து அழுத்து பொத்தான் வைத்துக் கொடுத்தார். செல்போனுக்குச் சரியாகச் சிக்னல் கிடைக்காத ஊர் என்பதால், போனைத் தூக்கிய கையில் கொடுத்து, ஒலிபெருக்கியில் வைத்துப் பேசிக்கொண்டு போனார்கள். கணவன் மனைவி சண்டைகள் எல்லாம் தெருவுக்குப் பொதுவாயின. பள்ளித் தலைமையாசிரியர் கை தூக்கியபடி வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் "சொல்லுங்க சார்" என்றன. டவுனிலிருந்து ஒரு ஜெபக்குழு வேன் பிடித்து வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இத்தனை கைகள் உயர்ந்து நிற்பதைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, கிதாரை எடுத்துப் பாட ஆரம்பித்தது. தனிஸ்லாஸ் அவர்களைத் தனியே அழைத்து, "தம்பி, இது பஞ்சாயத்து விஷயம்" என்று சொல்லி, மீன் சாப்பாடு போட்டு அனுப்பிவைத்தார்.

எண்ணெய் தேய்த்தார்கள், ஊசி போட்டார்கள், நேர்ச்சை வைத்தார்கள், இரண்டு பேர் தோளில் தொங்கிப் பார்த்தார்கள். சுவர் இறங்கினால் கையும் இறங்கும் என்பது முதல் நாள் சாயங்காலமே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் வள்ளங்களுக்கு ஐஸ் கஸ்பாரிடமிருந்துதான் வர வேண்டும். ஆகவே கையைப் பற்றி முப்பது நாளும் பேசியவர்கள் சுவரைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. கேட்டால் தலைவர், சர்வேயர் அளக்க வேண்டும், நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆவன செய்யப்படும் என்றார். கஸ்பாருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கஷ்டம் இருந்தது. ஐஸ் அறைக் கதவு நாலடிதான். தூக்கிய கையோடு உள்ளே போக முடியாமல், தன் கம்பெனியில் எத்தனை பார் ஐஸ் இருக்கிறது என்பதைத் தன் ஆட்களின் வாயால் கேட்டுத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிப்ரவரி பத்தாம் தேதி தனிஸ்லாஸ் கித்தேரியம்மாளின் வீட்டுக்கு வந்தார்.

"மைனி, ஒரு வார்த்தை சொல்லுங்க. தீர்மானத்தை வாபஸ் வாங்கிட்டேன்னு."

"நான் கை தூக்கலையே தலைவரே. தூக்குனவுங்கல்லா வாபஸ் வாங்கணும்."

"தூக்குனது உங்களுக்காகத்தான?"

"பதிமூணு தடவை தூக்கி ஒடனே இறக்குன கை. இப்பதான் எனக்காகத் தூக்குன மாதிரி இருக்கு."

அடுத்து கஸ்பார் வந்தார். வாசல் நிலையில் கை இடித்ததால் வெளியிலேயே நின்று பேசினார்.

"ஏ தங்கச்சி, நாளையிலருந்து நம்ம வேன் ஆறரைக்கு டவுனுக்குப் போவுது. முன்சீட்டு ஒனக்கு. சந்தை வாசல்லயே எறக்கிவிடச் சொல்லுதேன்."

இதைப் பற்றி ஒரு நாள் முழுக்க யோசித்ததாகப் பிறகு கித்தேரியம்மாளே சொல்லியிருக்கிறார். முட்டி வலி இருந்தது, முன்சீட்டு மெத்தையாகவும் இருந்தது. மறுநாள் கம்பெனி வாசலுக்குப் போய்க் கேட்டார்: "அண்ணாச்சி, மிச்சம் பதினெட்டுப் பேரு?"

"அத்தன பேருக்கு வேன்ல எடம் எங்க?"

"அப்ப பஸ்ஸுதான் தோது. அதுல எடம் இருக்கு."

செய்தி மேலே போனது. வட்டார வளர்ச்சி அலுவலர் மீனலோசனி ஜீப்பில் வந்து, கைகளை எண்ணி, பதிவேட்டைப் புரட்டி, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று முதலில் பாராட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"செயலர் சார், இந்த மூணு பேரும் இறந்துட்டாங்கன்னு சொல்றாங்களே?"

"ஆமா மேடம்."

"அப்புறம் எப்படி சபைக்கு வந்தாங்க?"

"அவங்க ஊரு மேல ரொம்பப் பாசமுள்ளவங்க மேடம்."

அலுவலர் பதிவேட்டை மூடினார். விதிகளில் கை இறங்காமைக்கு வழி எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் ஒரு கிராம சபை எடுத்த தீர்மானத்தை இன்னொரு கிராம சபை ரத்து செய்யலாம். பிப்ரவரி 26 சனிக்கிழமை, மூன்று மணிக்கு, சிறப்புக் கிராம சபை என்று தண்டோரா போடப்பட்டது. அன்றைக்குக் கித்தேரியம்மாளின் பேருந்து நின்றுபோக மூன்று நாள்தான் மிச்சம் இருக்கும்.

அந்த ஊரின் வரலாற்றில் முதல் முறையாக அறுநூறு பேர் கிராம சபைக்கு வந்தார்கள். பாக்கியநாதன் யாருக்கும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை; போடச் சொன்னாலும் போட்டிருக்க மாட்டார். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஈ மொய்த்தாலும் ஊதித்தான் விரட்டினார்கள்.

"தீர்மானத்தை ரத்து செய்ய ஆதரவு தெரிவிப்பவர்கள் கை உயர்த்தலாம்" என்றார் அலுவலர்.

நூற்றுப் பதினெட்டுக் கைகள் ஏற்கெனவே உயர்ந்திருந்தன. மஸ்கட்டிலும் வெளியூரிலும் மணலுக்குள்ளும் இருந்தவர்கள் போக மீதி.

"எதிர்ப்புத் தெரிவிப்பவர்கள்?"

அதே நூற்றுப் பதினெட்டுக் கைகள்.

பாக்கியநாதன் இரண்டு முறை எண்ணிவிட்டு, "சமம் மேடம்" என்றார். "ஆதரவும் ஏகமனது, எதிர்ப்பும் ஏகமனது."

அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இறங்கியிருக்கும் கை ஒன்று புதிதாக உயர்ந்தால்தான் ஒரு பக்கம் சாயும் என்று விளக்கினார். புதிதாக வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தார்கள். கஸ்பார் தன் கம்பெனி ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"ஏலே, ஒருத்தனாச்சும் ஆதரவுன்னு தூக்குங்கலே."

"மொதலாளி, எனக்கு மே மாசம் கல்யாணம்."

"நீ தூக்குலே."

"எனக்குக் கல்யாணம் ஆகிப்போச்சு மொதலாளி. அவ வெட்டிப்புடுவா."

அப்போது கித்தேரியம்மாள் எழுந்தார். "எதிர்ப்புன்னு எழுதிக்கிடுங்க" என்றார்.

"கொஞ்சம் யோசிங்கம்மா" என்றார் அலுவலர். "உங்களுக்கும் இறங்காம போயிடும்."

"எனக்கென்ன மேடம், இருபத்தேழு வருசமா கூடையப் பிடிச்சு அது மேலதான் கெடக்கு."

கையைத் தூக்கினார். அது நின்றுவிட்டது. ரத்துத் தீர்மானம் ஒரு கை வித்தியாசத்தில் தோற்றதாக எழுதப்பட்டது. அடுத்து என்ன என்று கேட்க எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள், தலைவர் அலுவலரைப் பார்த்தார், அலுவலர் ஜீப்பைப் பார்த்தார். கித்தேரியம்மாள் யாரையும் பார்க்காமல் கூடத்தை விட்டு வெளியேறிக் கடற்கரைப் பக்கம் நடந்தார். வேறு வேலை இல்லாததால் ஊர் பின்னாலேயே போனது.

சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றபோதுதான், தூக்கிய கை சரியாகச் சுவரின் உச்சி வரிசைக்கு எட்டுகிறது என்பதை அவர் கவனித்தார். கஸ்பார் சிக்கனம் பார்த்துக் கடல் மணலில் கட்டியிருந்தார்; மூன்று வருட உப்புக்காற்றில் காரை பொரிந்து போயிருந்தது. உச்சிச் செங்கல் ஒன்றைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. இழுத்தார். வந்தது. அதை மணலில் போட்டார்.

நூற்றுப் பத்தொன்பது கைகளும் ஒரு நகக்கண் அளவு இறங்கின.

வேலை இவ்வளவு லேசு என்பது யாருக்கும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், அந்தச் சுவரை அதுவரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பதுதான். மீன்காரப் பெண்கள் பதினெட்டுப் பேரும் முதலில் போனார்கள், பிறகு தலைமையாசிரியர் போனார், வள்ளக்காரர்கள் போனார்கள்; தோளோடு தோள் நின்று, எல்லாரும் உச்சி வரிசையில் கை வைத்தார்கள். ஒரு வரிசை போனதும் கைகள் ஒரு வரிசை அளவு இறங்கின. இறங்கிய கைகள் அடுத்த வரிசைக்குச் சரியாக எட்டின. யாரும் எக்க வேண்டியிருக்கவில்லை, அடி வரிசைகளுக்கு மட்டும் கொஞ்சம் குனிந்தார்கள்.

"எவன்லே எஞ் செவத்துல கை வைக்கது?" என்று கத்திக்கொண்டு கஸ்பார் ஓடி வந்தார். வரும்போதே அவருடைய கை தோள் வரை இறங்கி, முன்னால் இருந்த எல்லாரையும் ஒரே நேரத்தில் சுட்டிக்காட்டியது. திட்டுவதற்கு அது பொருத்தமாகவும் இருந்தது, திட்டினார். நெஞ்சளவு வந்ததும் குரல் குறைந்தது. இடுப்பளவு வந்ததும் நின்று, கையைப் பார்த்து, ஐஸ் அறைக் கதவின் உயரத்தை மனதுக்குள் நினைத்துப் பார்த்து, "சரி, போதும். மிச்சம் ரெண்டு வரிசை கெடக்கட்டும், படி மாதிரி" என்றார்.

ஊரே முன்னால் நீட்டிய கையோடு நின்றது. தனிஸ்லாஸுக்கு அந்த நிலை பிடித்திருந்தது. "தேர்தல் வேற வருது" என்று அலுவலரிடம் சொல்லி, அருகில் நின்றவர்களோடு கை குலுக்கிப் பார்த்தார்.

"கூடையோட காலைத் தூக்கித் தாண்டவா?" என்றார் கித்தேரியம்மாள். "மழைக்காலத்துல விழுந்தா அண்ணாச்சி வந்து தூக்குவீங்களா?"

அலுவலர் தீர்மானத்தை இன்னொரு முறை வாசித்தார். அதில் "அகற்ற" என்றுதான் இருந்தது, "குறைக்க" என்று இல்லை.

கஸ்பார் அசையவில்லை. அவருடைய கை உள்ளங்கை மேலாக, யாசகம் கேட்பது போல நீண்டிருந்தது. கூட்டத்திலிருந்து யாரோ ஒரு சாளை மீனை எடுத்து அதில் வைத்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கஸ்பார் மீனைக் கீழே போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டப் பார்த்து, முடியாமல், அப்படியே மண்டியிட்டு, கடைசி இரண்டு வரிசையையும் தானே பிடுங்கினார்.

மாலை ஐந்தே காலுக்குக் கைகள் தொடையோடு வந்து சேர்ந்தன. மஸ்கட்டில் ஆறு பேர் அன்றைக்கு இரண்டாவது முறையாக, இந்தத் தடவை இரண்டு கையாலும் தேய்த்துக் குளித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மணல் சமமானது. பூந்தொட்டிகள் நன்றாக இருக்கின்றன என்று பங்குத்தந்தை அவற்றை எடுக்கவில்லை.

ஞாயிறு தொழில் கிடையாது. திங்கள் காலை ஆறு நாற்பது பேருந்தில் பத்தொன்பது கூடைகள் ஏறின. நடத்துனர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கக்கா இருந்தீங்க எல்லாரும் இத்தன வருசமா?" என்றார்.

"செவத்துக்கு அந்தப் பக்கம்" என்றார் கித்தேரியம்மாள். "சில்லறை இல்லன்னு சொல்லாம டிக்கெட்டக் கிழி."

செவ்வாய்க்கிழமை, மார்ச் ஒன்றாம் தேதி, பேருந்து வந்தது. புதன்கிழமையும் வந்தது. அறிவிப்பை யாரும் கிழிக்கவில்லை. அது ஏப்ரல் வரை வெயிலில் வெளுத்தபடி நிறுத்தத்தில் ஒட்டியிருந்தது.

மே தினக் கிராம சபைக்கு நானூறு பேர் வந்தார்கள். ஒன்பது தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும், யார் செய்வார்கள், எந்தத் தேதிக்குள், முடியாவிட்டால் என்ன என்று நாலு மணி நேரம் கேட்டார்கள். ஏழு தீர்மானங்களுக்கு ஒரு கையும் உயரவில்லை, தலைவருடையது உட்பட. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மட்டும் உயர்ந்தன. தூக்கியவர்கள் ஒரு முறை இறக்கிப் பார்த்துக்கொண்டார்கள், அவை சாதாரணமாக இறங்கின, இரண்டு வேலைகளும் பத்து நாளில் முடிந்தன.

ஆகஸ்டில் பதினெட்டுப் பெண்களும் கித்தேரியம்மாளைத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொன்னார்கள். நின்றார். தெருத்தெருவாகப் போனபோது, ஐஸ் கம்பெனி ஆட்கள் உட்பட எல்லாரும், "ஒங்களுக்கு இல்லாமலா மைனி" என்றார்கள்.

2011 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை, வாக்குகள் எண்ணப்பட்டன. வாக்களிப்பு ரகசியச் சீட்டு முறையில் நடந்திருந்தது. யாரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. தனிஸ்லாஸ் முப்பத்து மூன்று வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் ஊராட்சித் தலைவரானார். பதினொன்றே முக்காலுக்கு முடிவு அறிவிக்கப்பட்டபோது கித்தேரியம்மாள் டவுன் சந்தையில், தன் இடத்தில், ஒரு வாடிக்கையாளருக்குச் சீலா மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.